பட்டியலின் கடைசித் தெரு

"அம்மா, நம்ம வீடு உன் வார்டுல இல்லையா?"

மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. பால் தம்ளரின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டே கேட்டாள். அம்மா முதன்முறையாகக் கவுன்சிலராகி ஒரு வருடம் ஆகியிருந்தது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, யாரோ ஒருவர் வீட்டுச் சாக்கடை அடைப்பைக் குறித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு வந்துவிட்டது. "இருடா கண்ணு" என்று கையைக் காட்டிவிட்டு, மறுமுனையில் இருந்தவரிடம் "சொல்லுங்க, எந்தப் பக்கம் அடைப்பு?" என்றார்.

அந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்லவே இல்லை. ஆனால் அதை மறக்கவும் இல்லை. அடுத்த தேர்தலில் மேடையேறிச் சொன்னார். "நான் பெத்த பொண்ணே கேக்குறா, நம்ம வீடு உன் வார்டுல இல்லையான்னு! அப்படித்தாங்க வேலை பார்த்திருக்கேன்." கைதட்டல் அடங்க ஒரு நிமிடம் ஆயிற்று. அதற்கடுத்த இரண்டு தேர்தல்களிலும் அதையே சொன்னார். கதை ஒருமுறைகூட ஏமாற்றவில்லை.

இப்போது அவருக்கு அறுபத்தொரு வயது. நான்காவது பதவிக்காலம் முடிய மூன்று மாதம் இருந்தது. இனி நிற்பதில்லை என்று சொல்லிவிட்டார். கப்பலில் வேலை பார்த்துப் பாதி ஆயுளைக் கடலிலேயே கழித்த கணவர் காலமாகி ஆறு வருடம். மகள் விமானத்தில் போக வேண்டிய தூரத்தில் ஓர் ஊரில், ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தாள். ஞாயிறு தவறாமல் போன் வரும். "சாப்டியாம்மா? மாத்திரை போட்டியா? முட்டி வலி எப்படி இருக்கு?" எல்லாம் மரியாதையான, அக்கறையான கேள்விகள். ஒன்றுகூட ஏழு வயதில் கேட்டதைப் போன்ற கேள்வி இல்லை. பேசி முடித்தபின் கவுன்சிலரம்மா சூடு ஆறும்வரை போனைக் கையிலேயே வைத்திருப்பார். தெருமுனையில் ஆறரை மணி பஸ் நிற்கும் சத்தம் கேட்டால், வருகிறவள் யாரும் இல்லை என்று தெரிந்தும் கண் வாசல் கேட்டுக்குப் போய்த் திரும்பும்.

வார்டில் பதினேழு தெருக்கள். ஒவ்வோர் ஆண்டும் கவுன்சிலர்கள் தங்கள் வார்டுக்கு என்னென்ன வேலை, எது முதல், எது அடுத்தது என்று வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். நிதி தீரும் இடத்தில் செயலாளர் ஒரு சிவப்புக் கோடு போடுவார். கோட்டுக்கு மேலே உள்ளவை நடக்கும். கீழே உள்ளவை அடுத்த வருடத்துக்குப் போகும். கவுன்சிலரம்மாவுக்கு ஒரு விதி இருந்தது. தன் தெருவை எப்போதும் கடைசியில்தான் எழுதுவார். தன் வீட்டுக்குத் தானே செய்துகொண்டாள் என்று ஒரு நாக்கும் பேசக்கூடாது. இருபது வருடமாக அந்தத் தெருவின் பெயர் சிவப்புக் கோட்டைத் தாண்டி மேலே வந்ததில்லை. அலுவலகத்தில் அவருக்குக் 'கடைசித்தெரு' என்றே பட்டப்பெயர். காதில் விழும்போதெல்லாம் அவருக்கு உள்ளூர இனிக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. வழக்கம்போல் கண்ணை மூடி, "இன்னிக்கு வர்றவங்களை வெறுங்கையோட அனுப்பாம இருக்க வழி காட்டு" என்று ஒரு வரி வேண்டிக்கொண்டு அவர் மனுக்கள் வாங்கத் தொடங்கினார். மூன்றாவதாக வந்தவள் ரொட்டிக் கடையில் வேலை செய்கிற பெண். முழங்கையில் மாவு காய்ந்திருந்தது.

"அக்கா, நம்ம தெரு வளைவுல ஒரு லைட்டு வேணும்."

"எழுதிக் குடும்மா. பட்டியல்ல சேர்த்துக்கறேன்."

"பட்டியல்ல அது இருக்குதுக்கா. நான் கல்யாணமாகி வந்தப்பவே இருந்துச்சு." அவள் குத்திக்காட்டவில்லை. உள்ளதைச் சொன்னாள். "இத்தனை நாள் டெய்லர் பல்பு இருந்துச்சு, சமாளிச்சோம். அவரு விழுந்து மூணு வாரமாச்சு. எனக்கு ஒன்பது மணிக்குத்தான் ஷிஃப்ட் முடியும். டியூஷன் முடிஞ்சு ஏழு மணிக்கு என் பொண்ணு பஸ்ஸை விட்டு இறங்குது. பதினோரு வயசு. பையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு அந்த இருட்டுல ஒரே ஓட்டமா ஓடி வருதாம்."

"டெய்லர் பல்பா? அது என்ன?"

தன்னைக் கேலி செய்கிறாரோ என்று அந்தப் பெண் அவரைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாதாக்கா? நீங்க அந்தத் தெருதானே?"

தெருமுனையில் பஸ் நிற்கும். அங்கிருந்து வீடுகள் தொடங்கும்வரை ஒரு பழைய கிடங்கின் நீண்ட சுவர். நடுவே ஒரு வளைவு. வளைவில் ஒற்றைத் தையல் கடை. கடை முகப்பிலிருந்து ஓர் இரும்புக் கொக்கி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைக் கவுன்சிலரம்மா பகலில் பார்த்திருக்கிறார். துணி மாட்டும் கொக்கி என்று நினைத்திருந்தார்; இருட்டியதும் அதில் ஒரு பல்பு எரியும் என்பது தெரியாது. டெய்லர் எட்டரைக்குக் கடையைச் சாத்துவார். ஞாயிறு விடுமுறை. மற்ற நாட்களில் கவுன்சிலரம்மா ஒன்பதுக்கு முன்னால் வீடு திரும்பியதே இல்லை.

"என் பொண்ணுக்குப் பயமே கிடையாது. எட்டு வயசுலயே அந்த இருட்டுல தனியா நடந்து வருவா" என்று அவர் எத்தனை பேரிடம் பெருமையடித்திருக்கிறார்!

வியாழன் மாலை, ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரத்தில் போனார். டெய்லருக்கு எழுபத்தைந்து இருக்கும். இடுப்பு எலும்பில் ஆணி போட்டுப் படுத்திருந்தார். வாய் மட்டும் படுக்கவில்லை.

"அடடே, கவுன்சிலரம்மா! கடைசித் தெருவுல நான்தான் கடைசி ஆளு. என் முறை வந்துடுச்சா?"

"எப்படிண்ணே விழுந்தீங்க?"

"பல்பு ஃபியூஸாயிடுச்சு. மாத்தலாம்னு ஸ்டூல்ல ஏறினேன். ஸ்டூலுக்கும் எனக்கும் ஒரே வயசு. ரெண்டு பேருக்கும் கால் ஆடுது." சிரித்தவர், கவுன்சிலரம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். "உங்களுக்கு இப்பத்தான் தெரியுமா? பாப்பா சொல்லவே இல்லையா?"

"எந்தப் பாப்பா?"

"உங்க பாப்பாதான். வேற யாரு?"

பிறகு அவர் சொன்னார். ஒருநாள் சாயங்காலம் பஸ் போய் வெகுநேரம் ஆகியும் கிடங்குச் சுவரோரம் ஒரு சின்னப் பிள்ளை நின்றுகொண்டே இருந்தது. போகவும் இல்லை, அழவும் இல்லை. காரணம் கேட்டதற்கு, ஷூ கடிக்கிறது என்றது. "ஷூ கடிக்கிற பிள்ளை சுவத்தையா பார்த்துக்கிட்டு நிக்கும்? மறுநாளே கொக்கி அடிச்சு பல்பு மாட்டிட்டேன். வீட்டு கேட்டைத் தொட்டதும் 'வந்துட்டேன்'னு ஒரு குரல் குடு, அப்பத்தான் எனக்கு வேலை ஓடும்னு சொன்னேன். குடுக்கும். என் வாயில குண்டூசி இருக்கும், பதில் சொல்ல முடியாது. மிஷினை ஒரு மிதி மிதிப்பேன். தடதடன்னு கேட்டதும் கதவைத் திறந்து உள்ளே போயிடும். பத்து வருஷம்."

"எனக்கு ஏன் சொல்லல?"

"பாப்பாதான் சொல்லக்கூடாதுன்னுச்சு. 'அம்மா பட்டியல்ல நம்ம தெரு கடைசி மாமா, தெரிஞ்சா அம்மாவுக்குச் சங்கடமாயிடும்'னு. பாப்பா ஊரை விட்டுப் போனப்புறம் கழட்டலாம்னுதான் நினைச்சேன். அதுக்குள்ள வேற பிள்ளைங்க வந்துட்டாங்க, அதுங்களும் குரல் குடுக்க ஆரம்பிச்சுடுச்சு. சோம்பேறித்தனம், அப்படியே விட்டுட்டேன்." அவர் கொஞ்சம் தயங்கினார். "அந்த ஊருல போய் இறங்கினதும் பாப்பா போன் பண்ணுச்சு. ஒரே வார்த்தைதான். வந்துட்டேன்னு. மிஷினை மிதிச்சுக் காட்டினேன். சிரிச்சுட்டு வெச்சுடுச்சு."

கவுன்சிலரம்மாவுக்கு அந்த நாள் நினைவிருந்தது. தனக்கு மறுநாள் மத்தியானம்தான் போன் வந்தது. ஊர் போய்ச் சேர்ந்த அலுப்பு என்று நினைத்திருந்தார்.

கிளம்பும்போது டெய்லர் சொன்னார். "சாவி மீட்டர் பெட்டிக்குப் பின்னாடி ஆணியில தொங்குது. உங்க ஆளுங்கள்ல யாரையாவது அனுப்பி ஒரு பல்பு மாட்டச் சொல்லுங்க. அந்த ரொட்டிக்கடைப் பிள்ளை பயந்த சுபாவம்."

"அனுப்பறேண்ணே."

ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து மகளுக்குப் போன் செய்தார்.

"என்னம்மா, இன்னிக்கு ஞாயித்துக்கிழமை இல்லையே? ஏதாவது ஆச்சா?"

"ஒண்ணும் ஆகலடா. டெய்லரண்ணனைப் பார்த்துட்டு வந்தேன். தேறிடுவாராம்."

மகள் குரலைத் தாழ்த்தினாள். "பல்பு விஷயம் தெரிஞ்சிடுச்சா?"

"ம். நீ ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா பட்டியலை மாத்தியிருப்பியாம்மா?"

இருபது வருடம் கழித்து மகள் மறுபடி ஒரு கேள்வி கேட்டிருந்தாள். இதை வைத்து எந்த மேடையிலும் கைதட்டல் வாங்க முடியாது. கவுன்சிலரம்மா யோசித்துப் பார்த்தார்.

"தெரியலடா" என்றார்.

"சரி, விடும்மா."

"ஒரு தடவை வந்துட்டுப் போறியாடா?"

"பார்க்கலாம்மா. லீவு கிடைக்குதான்னு கேக்கறேன்."

இதே பதிலை, இதே குரலில், தான் எத்தனை மாலை அவளுக்குச் சொல்லியிருப்போம் என்று அவருக்குத் தோன்றியது. 'பார்க்கலாம்டா. மீட்டிங் சீக்கிரம் முடியுதான்னு பார்க்கறேன்.' போன் ஆறும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் வெள்ளி, பிற்பகலில் குழுக் கூட்டம். அவருடைய பதவிக்காலத்தின் கடைசிப் பட்டியல். காலையிலேயே அதைத் திருத்தி எழுதியிருந்தார். செயலாளர் வாசிக்கத் தொடங்கி, முதல் வரியில் நின்று, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"அம்மா, இது வரிசை தலைகீழா அடிச்சிருக்கா?"

"இல்ல. சரியாத்தான் இருக்கு. வாசிங்க."

எதிர் வரிசையில் இருந்த கவுன்சிலரை எல்லாரும் மீசை என்பார்கள். அவர் மீசையைத் தடவிக்கொண்டு எழுந்தார். "என்னக்கா இது, கடைசித்தெரு முதல் தெருவாயிடுச்சே! போறப்போ சொந்த வீட்டுக்கு வெளிச்சம் போட்டுக்கிட்டுப் போறீங்களா? தேர்தலுக்குத் தேர்தல் நீங்க சொல்ற உங்க பொண்ணு கதையை இனிமே நாங்க எப்படி நம்புறது?"

அறை சிரித்தது. கவுன்சிலரம்மாவின் காது சூடாயிற்று. அவரிடம் இப்போது முன்னதைவிடப் பெரிய கதை இருந்தது. குண்டூசிகள், தையல் மிஷின், சுவரோரம் நின்ற சின்னப் பிள்ளை. சொன்னால் மீசையே கண்ணைத் துடைத்துக்கொள்வார். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அது அவருடைய கதை இல்லை. ஒரு குழந்தையின் ஏக்கத்தை ஏற்கெனவே ஒருமுறை எடுத்து மூன்று தேர்தலுக்குச் செலவழித்தாயிற்று.

"அந்தத் தெருவுல நாப்பத்திரண்டு வீடு இருக்கு தம்பி" என்றார். "ஒண்ணுதான் என்னோடது. இருபது வருஷமா நான் அந்த ஒண்ணை மட்டும்தான் பார்த்தேன். மத்த நாப்பத்தொண்ணையும் இருட்டுல வெச்சுட்டு எனக்கு நல்ல பேர் வாங்கிக்கிட்டேன்."

சிரிப்பு நின்றது. மீசை உட்கார்ந்தார். நல்ல பெயரும் ஒரு வகையில் லஞ்சம்தான். கையில் வாங்காமல் மனதில் வாங்குகிறோம், அதனால் யாரும் பிடிப்பதில்லை. செயலாளர் பட்டியலில் சிவப்புக் கோட்டை இழுத்தார். தெரு விளக்கு கோட்டுக்கு மேலே இருந்தது.

"கம்பம் வந்து நட ஆறு வாரமாவது ஆகும்மா" என்றார் செயலாளர்.

"ஆகட்டும்" என்றவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தே முக்கால். தேநீர்த் தட்டு உள்ளே வந்தபோது அவருடைய நாற்காலி காலியாக இருந்தது.

போகும் வழியில் ஒரு பல்பு வாங்கினார். காரைத் தெருமுனைக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டு நடந்தார். இருபது வருடத்தில் கிடங்குச் சுவரோரம் அவர் நடந்ததே இல்லை. பெரியவர்களுக்கு நூறடி. சின்னக் கால்களுக்கு இருநூறடி இருக்கும். சுவரில் குழந்தைகளின் உயரத்தில் ஓர் இடம் மட்டும் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தது. அதைத் தொட்டபடியே எத்தனை பிள்ளைகள் நடந்திருப்பார்கள்!

ஆணியிலிருந்து சாவியை எடுத்து ஷட்டரைத் தூக்கினார். சாய்ந்து கிடந்த ஸ்டூலை நிமிர்த்தி, ஆடும் காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்தார். "முட்டியே, இன்னிக்கு மட்டும் மானத்தைக் காப்பாத்து" என்று சொல்லிக்கொண்டே ஏறினார். பழைய பல்பைக் கழற்றிப் புதியதைத் திருகி, இறங்கி, ஸ்விட்சைப் போட்டார். வளைவு மஞ்சளாகத் திறந்துகொண்டது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே விளக்கில்லாமல் மிஷின் முன்னால் உட்கார்ந்தார். ஊசியில் பாதி தைத்த சட்டைக் கை ஒன்று மாட்டியிருந்தது. அதை மெல்ல விடுவித்து, மடித்து ஓரமாக வைத்தார்.

பஸ் வந்து நின்றது. போயிற்று. காலடி கேட்டது. ஓடி வருகிற காலடி. வெளிச்சம் தொடங்கும் இடத்தில் அது நின்றது. பிறகு நடக்க ஆரம்பித்தது. சாதாரணமாக, எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு. ஷட்டரின் இடைவெளியில் இரண்டு சின்ன ஷூக்கள் கடந்து போயின. கவுன்சிலரம்மா அந்த ஷூக்களையே பார்த்தார். பத்து வருடம் தான் பார்க்காமல் விட்ட நடை இப்படித்தான் இருந்திருக்கும்.

கொஞ்ச நேரத்தில் தூரத்தில் ஓர் இரும்பு கேட் கிறீச்சிட்டது.

"வந்துட்டேன்!"

அவர் இரண்டு பாதங்களையும் பலகையில் வைத்து மிதித்தார். மிஷின் ஒருமுறை தயங்கி, பிறகு வெறும் காற்றைத் தைத்துக்கொண்டு தடதடவென்று ஓடியது.

கதவு திறந்து மூடும் சத்தம் கேட்கும்வரை மிதித்துக்கொண்டே இருந்தார்.