பனியன் போட்ட குகை மனிதன்

சித்ரகலாவுக்கு அந்த நாற்காலி சும்மா கிடைத்துவிடவில்லை. அவிநாசிபாளையத்துப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் டேபிள் முன்னால் வருஷக்கணக்காக நின்று கால் வீங்கியவள். ஞாயிற்றுக்கிழமைகளில் கம்ப்யூட்டரில் வரையப் பழகி, முதலாளி ஞானசம்பந்தத்தை நச்சரித்து நச்சரித்து டிசைன் அறைக்கு வந்திருக்கிறாள். அதுவும் வெள்ளோட்டம்தான். இந்த ஆர்டருக்கு அவள் வரையும் படம் தேறினால் நாற்காலி நிரந்தரம். தேறாவிட்டால் மறுபடியும் நிற்க வேண்டியதுதான்.

குழந்தைகள் போட்டுக்கொண்டு தூங்கும் உடுப்புக்குத்தான் படம். பழைய பொம்மைப் படங்களில் கற்கால மனிதன் கல்லால் செய்த காரில் ஆபீஸ் போவானே, அந்தத் தினுசில் வேண்டும், ஆனால் காப்பி கூடாது என்று சொல்லிவிட்டார் ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுப் பையர். சித்ரகலா அந்தப் படங்களை போனில் தேடிப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தாள். எந்த யுகத்து ஆளுக்கோ மேனேஜர் திட்டுகிற கவலை! பிறகு உட்கார்ந்து வரைந்தாள். மரவட்டைதான் பஸ். மலைப்பாம்புதான் சீட் பெல்ட். வெயிலில் காய்ந்த ஆமைதான் இஸ்திரிப் பெட்டி. ஒற்றைத் தோளில் புலித்தோலைப் போர்த்திக்கொண்டு குகை மனிதர் பஸ்ஸுக்கு நின்றார். அடடா, நம் கையா இது என்று அவளுக்கே பெருமை தாங்கவில்லை.

ஞானசம்பந்தம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"எல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது அம்மிணி. இவரு ஏனுங்க மேலுக்கு ஒண்ணும் போடாம நிக்கறாரு?"

"கற்காலம் சார். புலித்தோல்தான போடுவாங்க."

"பஸ்ஸுக்குப் போறவருக்கு ஒரு பனியன் கெடைக்காதுங்களா? நாம பண்றதே பனியன் யாவாரமுங்க. நம்ம படத்துல ஒருத்தரு வெத்து மேலோட நின்னா ஊருக்குள்ள சிரிக்க மாட்டாங்களா? கை வெச்ச பனியனாப் போட்டுருங்க."

பஸ் இருக்கலாம், பனியன் மட்டும் இருக்கக் கூடாதா என்பது அவர் கணக்கு. அவர் அதோடு விட்டாரா?

"பஸ்ஸு புதுசுங்களா? அப்ப எலுமிச்சம்பழம் வெக்கோணுமுங்க."

"சார், இது மரவட்டை. சக்கரமே கெடையாது."

"அப்பக் காலுக்கொண்ணா வெச்சுருங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு அத்தனை காலுக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். பனியனும் போட்டாள். ஆனால் பையருக்கு அனுப்பும்போது தன்னுடைய பழைய படத்தை, புலித்தோல்காரரைத்தான் அனுப்பினாள். முதலாளி மெயிலைத் திறந்து பார்க்கிற ஆள் இல்லை என்கிற தைரியம்.

மறுநாள், பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நிற்கும் பையிங் ஆபீஸிலிருந்து வேல்குமார் போன் செய்தான்.

"மேடம், படம் நல்லா இருக்காம். ஆனா இதெல்லாம் எங்க தாத்தா காலத்துலயே பார்த்தாச்சுன்னு சொல்லிட்டாங்க. வேற இருந்தா இப்பவே அனுப்புங்க. இல்லன்னா ஆர்டர் பல்லடத்துக் கம்பெனிக்குப் போயிரும்."

செக்கிங் டேபிளும் அந்தத் தரையும் அவள் கண்முன் வந்து நின்றன. வெட்கமாவது மானமாவது என்று பனியன்காரரை அனுப்பிவைத்தாள். கையில் இருந்த டீ ஆறுவதற்குள் வேல்குமார் திரும்ப அழைத்துவிட்டான்.

"ஓகே பண்ணிட்டாங்க மேடம்! பனியனைப் பார்த்து மீட்டிங்கே சிரிச்சுதாம். காலுக்குக் கால் அந்த மஞ்சள் உருண்டை எதுக்குன்னு புரியலையாம். ஆனா அதை எடுத்துராதீங்கன்னாங்க."

ஞானசம்பந்தத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. "பாத்தீங்ளா அம்மிணி, மொதல் தடவையிலயே ஓகே!" என்றார். முதல் தடவை எது என்று அவள் வாயைத் திறக்கவா முடியும்? நாற்காலி அவளுக்குத்தான் என்றார். சொன்ன கையோடு தனக்கும் ஒரு நாற்காலி கொண்டுவரச் சொல்லி, பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"அடுத்தது கற்காலத்துக் கல்யாணமுங்க. மாப்பிள்ளைக்கு என்ன போடறதுன்னு நாஞ் சொல்றேன்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே போன் வந்து எழுந்து வெளியே போனார். சித்ரகலா கல்யாணப் பெண்ணை வரைந்தாள். பனைமர உயரத்துக்குக் கழுத்து நீண்ட ராட்சதப் பல்லி. தலையில் மல்லிகைச் சரம் வைத்து, அது தொங்கித் தொங்கிக் கழுத்து முழுக்க இறங்கிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இதை யாரும் வைக்கச் சொல்லவில்லை. அவர் இன்னும் வெளியேதான் பேசிக்கொண்டிருந்தார்.

அழித்துவிடலாம் என்று கையைக் கொண்டுபோனவள் நிறுத்தினாள். அழகாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு முழம் சேர்த்து வைத்தாள்.