பள்ளவெளிக்கு ஒரு வட்டானை

நளீமுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஜனாதிபதித் தேர்தல் வந்த அந்தச் செப்டெம்பரில் நிந்தவூரில் அந்த வாய்க்கு நல்ல மவுசு இருந்தது. மாலையில் மஃரிப் தொழுதுவிட்டு ஷிப்லியின் தேத்தண்ணிக் கடையில் கூடுகிறவர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து கத்துவார்கள். நாட்டை ஆண்டு பழகியவர்களிடமே திரும்பவும் கொடுப்பதா, ஒருநாளும் ஆளாத ஒருவரிடம் கொடுத்துப் பார்ப்பதா என்பதுதான் வழக்கு.

"நாடெண்டா என்ன, தேத்தண்ணிக் கடையா? அனுபவம் வேணும் மச்சான்," என்பான் ஷிப்லி, தேத்தண்ணிக் கடை நடத்தும் அனுபவத்தில்.

"என்ன அனுபவம்? பெற்றோல் கியூவில ராவாப் பகலா நம்மளக் காயவெச்ச அனுபவமா? கேஸ் இல்லாம பொம்புளயள விறகு பொறுக்க விட்ட அனுபவமா? நாட்டக் கவுத்த அத்தின பேரும் அனுபவசாலிதான்டா. அனுபவம் இல்லாதவன் ஒருத்தனும் கவுக்கல்ல."

நளீம் இப்படிச் சொன்னதும் கடை முழுக்கச் சிரிக்கும். ஷிப்லியும் சிரிப்பான், தேத்தண்ணிக்குச் சீனி கூடப் போட்டுவிடுவான். தேர்தல் முடிந்தது, ஆளாதவர் வென்றார். நளீம் தானே வென்றது மாதிரி ஒரு கிழமை நடந்தான். அதோடு நின்றிருந்தால் அவன் குடும்பத்துக்கு ஒரு குறையும் வந்திருக்காது.

ஊருக்குத் தெற்கே, கடலோர நீர்நிலையான களப்பை ஒட்டிக் கிடக்கும் பள்ளவெளியில் அவர்களுக்கு இரண்டு ஏக்கர் வயல் இருந்தது. அவர்களுக்கு என்பது மரியாதைக்குச் சொல்வது. காணி அவன் மனைவி பஸ்லியாவுடையது. இந்தக் கரையில் வீடும் வயலும் பெண்ணோடுதான் வரும், மாப்பிள்ளை உடுத்த சாரனோடு வந்து குடியேறுவான். ஆனால் வயற்கூட்டம் என்று வந்தால் கை தூக்குவது மாப்பிள்ளைதான். பஸ்லியா ஒரு கூட்டத்துக்கும் போனதில்லை. அவள் உம்மாவும் போனதில்லை.

பள்ளவெளிக்குத் தண்ணீர் பங்கிடும் தலைவரை வட்டானை என்பார்கள். போகத்துக்கு முந்திய கூட்டத்தில் விவசாயிகள் கை தூக்கித் தெரிவு செய்வார்கள். இருபது வருஷத்துக்கு மேலாக அந்தக் கதிரையில் சுபியான் இருந்தார். வாய்க்காலைப் பார்ப்பது பாதி வேலைதான். பெரிய வேலை மாரி மழையோடு வரும். மழையில் களப்புப் பெருகி வயலுக்குள் ஏறும்போது, களப்பையும் கடலையும் பிரிக்கும் மணல் திட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விட வேண்டும். முகத்துவாரம் வெட்டுவது என்பார்கள். எப்போது வெட்டுவது என்று வட்டானையின் வாயைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள்.

சுபியான் எப்போதும் பிந்தித்தான் வெட்டுவார். "இன்னும் ரெண்டு நாள் பொறுப்பம்," என்பார். அந்த இரண்டு நாள் நாலைந்து நாளாகும். களப்பில் இறால் பிடிக்கிறவர்களுக்குத் தண்ணீர் நிற்க நிற்க லாபம். அவர்கள் சுபியானின் வீட்டுக்கு இறால் அனுப்பினார்கள், இறாலோடு வேறும் அனுப்பினார்கள் என்பது ஊரறிந்த இரகசியம். தாழ்ந்த வயல்களில் நாலில் ஒரு பங்கு வேளாண்மை வருஷா வருஷம் அழுகும். தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்று சொல்லிவிட்டு மிச்சத்தை வெட்டி எடுத்துக்கொண்டு போவார்கள்.

ஒக்டோபர் கூட்டத்தில் நளீம் எழும்பினான்.

"நாட்டுக்கே அனுபவம் தேவல்ல எண்டு முடிவெடுத்த நாம, ஒரு வாய்க்காலுக்கு என்னத்துக்கு அனுபவம் பாக்கிற? களவெடுக்காத ஒருத்தன வெச்சிப் பாப்பம்."

கூட்டம் ஆரவாரித்தது. தேர்தல் சூடு இன்னும் ஆறியிருக்கவில்லை. அப்படியென்றால் நீயே இரு என்று நாலு பேர் சொன்னார்கள், நாற்பது கை எழுந்தது. சுபியான் சிரித்தபடி மடியிலிருந்து, வாய்க்கால் தண்ணீரைத் திறந்து அடைக்கும் துருசுக் கதவின் சாவியை எடுத்து நீட்டினார். "இந்தா தம்பி. அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்."

வீட்டில் பஸ்லியா கேட்டாள்: "இஞ்சருங்க, ஒங்களுக்கு இந்த வேல தெரியுமா?"

"களவெடுக்காம இரிக்கத் தெரியும். மிச்சம் தானா வரும்."

"தானா வருமா?"

சந்தோஷத்தில் இருக்கும் மனிதனிடம் கேட்கக்கூடாத கேள்வி அது.

உள்ளதைச் சொல்ல வேண்டும். அந்த இரண்டு மாதமும் பள்ளவெளி காணாத இரண்டு மாதம். வாய்க்காலின் கடைசி வயல் வரைக்கும் முறை தப்பாமல் தண்ணீர் போனது. பெரிய காணிக்காரர் ஒருவர் முறைக்கு முந்தித் தன் வயலுக்குத் தண்ணீர் பாயும் வக்கடையைத் திறந்தபோது நளீம் தானே மண்வெட்டி எடுத்து அடைத்தான். இறால்காரர்கள் ஒரு பெட்டி கொண்டு வந்தார்கள், வாசல் படலைக்கு வெளியே வைத்தே திருப்பி அனுப்பினான். பஸ்லியாவின் வேளாண்மை கருகருவென்று நின்றது. டிசம்பர் பின்பகுதியில் குடலைக்கு வந்தது, கதிர் வயிற்றுக்குள் இருக்கும் பருவம். வரம்பில் நின்று அதைப் பார்த்தபோது பஸ்லியாவுக்கே தன் சந்தேகம் வெட்கமாயிருந்தது. இந்த முறை வீட்டுக்கு அரிசி வாங்கத் தேவையில்லை, மகள் றஸ்னாவைக் கண்டியில் படிக்க விடலாம் என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள். அந்த வயல்தான் அவர்களுடைய வருஷம்.

மழை தொடங்கியது. பெருமழை வரப்போகிறது என்று வானொலி சொன்னது. களப்பு கூடிக்கொண்டு வந்து தாழ்ந்த வயல்களில் கணுக்கால் அளவுக்கு நின்றது. விவசாயத்துக்குப் பொறுப்பான கமநல அதிகாரி நளீமைக் கூப்பிட்டார்.

"வட்டானை, வெட்டலாமா? ஒங்கட சொல்ல வெச்சித்தான் நான் மேல கேக்கணும்."

"இப்பவே வெட்டணும் சேர். பிந்திப் பிந்தித்தானே இவ்வளவு காலமும் அழிஞ்ச."

சுபியான் பிந்தி வெட்டியது களவு. அப்படியென்றால் முந்தி வெட்டுவது நேர்மை. இந்தக் கணக்கில் நளீமுக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. பள்ளவெளியில் ஒருவருக்குமே தெரியவில்லை. இருபது வருஷமாகக் களவைப் பார்த்துப் பார்த்து, அந்தக் களவுக்குள்ளே ஒரு வேலையும் நடந்துகொண்டிருந்ததை எல்லாரும் மறந்துபோயிருந்தார்கள்.

அடுத்த நாள் காலை பெக்கோ இயந்திரம் வந்து மணலை வெட்டியது. கடல் பொங்கிக் கிடந்தது. கரையில் ஆட்கள் அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொன்னார்கள், பொடியன்மார் போனில் படம் பிடித்தார்கள். தாழை மரத்துக்குக் கீழே சுபியான் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. களப்புத் தண்ணீர் கடலுக்குள் இறங்கியது. இறங்கியதே தவிர, பாயவில்லை. நளீம் அதைக் கவனித்தான். கவனித்தும் அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியவில்லை.

பெருமழை வரவில்லை. முகில் வடக்கே போய் எங்கேயோ கொட்டியது. இங்கே காற்றுத்தான் அடித்தது. களப்பு கடலைவிட நன்றாக உயர்ந்த பிறகு வெட்டினால்தான் உள்ளே நிற்கும் தண்ணீர் அடித்துக்கொண்டு வெளியே போய், வாயைத் தானே அகலமாக்கி, கடலைத் தள்ளி வைக்கும். பாதிக் களப்பில் வெட்டினால் தள்ளுவது கடல்தான். பௌர்ணமிப் பறுவத்தை ஒட்டிய நாட்களில் கடல் பெருகி, வெட்டிய வாயால் உள்ளே வந்தது. பெக்கோவைத் திருப்பிக் கொண்டுவந்து அடைக்கப் பார்த்தார்கள். போட்ட மணலை அலை வாரிக்கொண்டு போனது.

நளீம் வயலுக்குள் இறங்கி ஒரு கை தண்ணீரை அள்ளி வாயில் வைத்தான். உப்பு. அடுத்த வயலுக்குப் போனான், அதுவும் உப்பு. வரம்பு வரம்பாய் ஓடி ஓடி நக்கிப் பார்த்தான். பார்த்தவர்களுக்கு அவனுக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி இருந்தது. ஒருவரும் தடுக்கவில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன?

சில நாளில் பள்ளவெளி நுனியிலிருந்து மஞ்சளாகி, பிறகு வைக்கோல் நிறமாகியது. பஸ்லியா வரம்பில் குந்தியிருந்து ஒரு குடலையைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளே கதிர் வெள்ளையாய்ச் செத்துக் கிடந்தது. இன்னொன்றைப் பிரித்தாள். பிறகு பிரிக்கவில்லை.

"என்ட நிய்யத், என்ட எண்ணம், நல்லதுதானே புள்ள?" என்றான் நளீம்.

"ஓம், நல்லதுதான். கடல் தண்ணிக்கி நிய்யத்தக் கண்டா தெரியுமா?"

அன்று பின்னேரமே அவன் சுபியானின் வீட்டுக்குப் போனான். சுபியானின் வயல் மேட்டில் இருந்தது, உப்பு ஏறவில்லை. முற்றத்தில் இருந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தவர் கதிரையைக் காட்டினார். நளீம் உட்காரவில்லை, மூத்தவரைக் கூப்பிடும் முறையில் காக்கா என்றுதான் தொடங்கினான்.

"காக்கா, அண்டைக்குக் கடக்கரையில நிண்டீங்க. கடல் ஏறும் எண்டு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல்ல?"

"நீ கேக்கல்லயே தம்பி."

"கேட்டிருந்தா?"

சுபியான் வெற்றிலையைத் துப்பினார். "கேட்டிருந்தா யோசிச்சிரிப்பன்."

மனிதன் இப்படியும் இருப்பானா என்று நளீம் வழி நெடுக நினைத்துக்கொண்டு வந்தான். இருப்பான். அவன் நினைத்ததைவிட வசதியாகவும் இருப்பான்.

ஷிப்லியின் கடையில் இப்போது சிரிப்பில்லை. நளீமைக் கண்டால் பேச்சு நின்றுபோகும். ஒருநாள் நிற்கவில்லை. "பாவம், நல்லவன்தான். ஆனா நல்லவனிட்டக் குடுத்தா என்ன நடக்கும் எண்டு பள்ளவெளியப் போய்ப் பாருங்க. ஒரு வயல் கண்டத்துக்கே இந்தக் கெதி, நாட்டுக்கு?" என்று ஷிப்லி யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தான். கொழும்பில் இருக்கும் புது ஜனாதிபதி என்ன செய்தார், செய்யவில்லை என்று அங்கே ஒருவரும் ஆராயவில்லை. அத்தாட்சி உள்ளூரிலேயே கிடைத்துவிட்டது. நான் கடலை அறியாதது என் பிழை, நேர்மையின் பிழையா அது, என்று நளீமுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. அந்த நீளமான வாய் திறக்கவில்லை. வயல் அழிந்ததுகூட அவனுக்கு இவ்வளவு வலிக்கவில்லை. இனி இந்த ஊரில் எவனாவது களவில்லாத ஒருத்தனைக் கொண்டுவருவோம் என்று வாயெடுத்தால், நளீமை மறந்திட்டியா என்று கேட்டே அவனை இருத்திவிடுவார்கள்.

அடுத்தது சிறுபோகம், அந்தப் போகத்துக்கான கூட்டத்துக்கு நாள் வைத்தார்கள். காலையில் பஸ்லியா அபாயாவை உடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"நானும் வாறன். காணி என்ட பேரில."

அவளைத் தடுக்க அவனிடம் என்ன நியாயம் இருந்தது? மண்டபத்தில் பின்வரிசையில் தனியே ஒரு கதிரை போட்டுக் கொடுத்தார்கள். ஆண்கள் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி முன்பக்கம் திரும்பினார்கள்.

வட்டானைத் தெரிவு வந்ததும் யாரோ சுபியானின் பெயரைச் சொன்னார்கள். நளீம் எழும்பினான். தனக்காக அவன் கேட்க வரவில்லை, அந்த வெட்கம் அவனுக்கு இருந்தது. இதையாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் இரண்டு மாதம் நெஞ்சுக்குள் வைத்திருந்தான்.

"என்ட பிழைய நான் ஏத்துக்கிறன். ஆனா ஒண்டு கேளுங்க. நான் வெட்டக்குள்ள இந்த மனிசன் அந்தக் கரையில நிண்டவர். கடல் ஏறும் எண்டு இவருக்குத் தெரியும். என்னட்ட தன்ட வாயாலயே சொன்னவர். நம்மட அத்தின பேர்ட வயலும் சாகும் எண்டு தெரிஞ்சும் வாயத் தொறக்கல்ல. இவரையா திரும்பவும் வெக்கிறீங்க?"

இப்போது மண்டபம் கொதிக்கும் என்று நளீம் எதிர்பார்த்தான். முன்வரிசையில் இருந்த ஒருவர், பள்ளவெளியில் ஆகத் தாழ்ந்த வயலுக்குச் சொந்தக்காரர், மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"பாத்தீங்களா? அவருக்குத் தெரிஞ்சிரிக்கி."

"தெரியாம இரிக்குமா? எத்தின வருஷம்!" என்றார் இன்னொருவர். குரலில் கோபமில்லை, மரியாதை இருந்தது. சுபியான் தரையைப் பார்த்துக்கொண்டு அடக்கமாக இருந்தார்.

அதிகாரி கை தூக்கச் சொன்னார். கைகள் எழுந்தன. நளீம் எண்ணவில்லை. எண்ண ஒன்றும் இருக்கவில்லை. பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தான். கறுத்த அபாயாக் கைக்குள்ளிருந்து பஸ்லியாவின் கை நேராக உயர்ந்து நின்றது. அவனைப் பார்த்தும் அவள் அதை இறக்கவில்லை.

வெளியே வந்து பிரதான வீதியில் பஸ்ஸுக்கு நின்றார்கள்.

"நீயும் அவனுக்கா?" என்றான் நளீம்.

"அவன் எடுப்பான். எடுக்கட்டும். எடுத்த மிச்சமாவது என்ட புள்ளைக்கி வரும்."

"அவன் நம்மள அழியவிட்டுப் பாத்தவன் புள்ள."

"ஓம். தெரிஞ்சிதான் கையத் தூக்கின."

பஸ் வருகிறதா என்று அவள் வீதியை எட்டிப் பார்த்தாள். வரவில்லை.

"அப்ப நான்?" என்றான் நளீம்.

பஸ்லியா அவன் பக்கம் திரும்பினாள். "நீங்க நல்ல மனிசன்," என்றாள். அதில் கொஞ்சமாவது கோபம் இருந்திருந்தால் அவன் தாங்கியிருப்பான்.