இடது கால் ஷூ

பியானோ சரக்கு லிஃப்டிலிருந்து வெளியே வரும்போது மூவரும் பேசுவதில்லை. லிஃப்டின் தளத்துக்கும் மேடைக்கும் நடுவே ஒரு விரல் அளவு இடைவெளி இருந்தது. சக்கரம் அதில் குதித்தால் உள்ளே கம்பிகள் முனகும். முன்னால் இடது மூலையில் தம்பி, வலது மூலையில் ஒல்லி, பின்னால் வால் முனையில் அவள். கறுப்பு மெருகில் விரல் தடம் பதியாமல் இருக்க மூவரும் பருத்திக் கையுறை போட்டிருந்தார்கள்.

"ம்," என்றாள் அவள்.

முன் சக்கரங்கள் இரண்டும் தாண்டின. அவள் குனிந்து பார்த்துவிட்டு இன்னொரு "ம்" சொன்னாள். வால் சக்கரமும் சத்தமில்லாமல் ஏறியது. அதற்குப் பிறகு தள்ளுவது பெரிய வேலையில்லை. ஓடத் தொடங்கிய பியானோவை நிறுத்துவதுதான் வேலை. அவள் குதிகாலை ஊன்றிப் பின்னால் சாய்ந்தாள். சிவப்பு டேப் ஒட்டிய இடத்தில் மூன்று சக்கரங்களும் வந்து நின்றன.

வந்த முதல் வாரத்திலேயே ஒல்லி அவளுக்கு நங்கூரம் என்று பெயர் வைத்துவிட்டான். இப்போது சாவி கொடுக்கும் காவலாளிகூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

"நங்கூரக்கா, வீட்டுலயும் நீங்க சாஞ்சா எல்லாம் நின்னுடுமா?" ஒல்லி கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

"எல்லாம் நிக்கும். எங்க வீட்டுக்காரர் குறட்டை மட்டும் நிக்காது."

"மச்சான் குறட்டைக்குப் பிரேக்கே கிடையாது," என்றான் தம்பி. அவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. இந்த வேலைக்கு அவள்தான் அவனை அழைத்து வந்திருந்தாள். அவள் கணவன் குளிர்கிடங்கில் இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவன்.

அந்த அரங்கில் அது இசை மாதம். முதல் வாரம் ஆர்க்கெஸ்ட்ரா, அடுத்து பியானோ, அதற்கடுத்து ஜாஸ், கடைசியாகக் குழந்தைகளோடு குடும்பமாக வந்து கேட்கும் கச்சேரிகள். நான்குக்கும் ஒரே மேடை. அதனால் எது எங்கே நிற்க வேண்டும் என்பதற்குத் தரையில் டேப் ஒட்டியிருந்தார்கள். ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மஞ்சள், பியானோவுக்குச் சிவப்பு, ஜாஸுக்கு நீலம், குடும்பக் கச்சேரிக்குப் பச்சை. இந்த மாதத்துக்கென்று ஒப்பந்தக்காரர் அனுப்பிய ஆட்கள் அந்த மூன்று பேர்தான்.

பியானோ வாரத்தின் முதல் நாள் காலையில் மேடை மேலாளர் அவர்களைக் கூப்பிட்டார். காதில் எப்போதும் ஒரு கருவி மாட்டியிருப்பார். சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

"மாசக் கடைசிக்குள்ள ஒரு ஆளை நிரந்தரமா எடுத்துக்கறாங்க. உங்க மூணு பேர்ல ஒருத்தர். மேல இருக்கறவங்க பார்த்து முடிவு பண்ணுவாங்க."

"என்ன பார்ப்பாங்க சார்?" என்றாள் நங்கூரம்.

"பார்க்க மாட்டாங்க. அதுதான் விஷயம். ஜனங்க வாத்தியத்தைப் பார்க்கணும், வாசிக்கறவரைப் பார்க்கணும். மேடையாள் கண்ணுல பட்டான்னா அன்னிக்கு வேலை சரியில்லைன்னு அர்த்தம்."

அவர் போனதும் ஒல்லி பக்கவாட்டில் திரும்பி நின்று காட்டினான். "அப்போ எனக்குத்தான். இப்படி நின்னா யார் கண்ணுலயும் பட மாட்டேன்."

நங்கூரம் சிரித்தாள். அவளுக்குச் சந்தேகம் இல்லை. ஒரு வாரமாக அவள் "ம்" சொல்லாமல் அந்த மேடையில் ஒரு நாற்காலிகூட நகர்ந்ததில்லை. ஒல்லிக்கும் அது தெரியும், தம்பிக்கும் தெரியும்.

அன்று மாலை வீட்டில் மகளிடம் சொன்னாள். வீடு என்பது ஓர் அறையும் அதை ஒட்டிய சமையல் மூலையும். ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் அடுத்த வேலை இருக்கும் ஊருக்குப் போய்ப் போய், மகளுக்கு இது நான்காவது பள்ளிக்கூடம். இந்தப் பள்ளிக்கூடத்தில்தான் முதல்முறையாக ஒரு சிநேகிதி கிடைத்திருந்தாள்.

"இனிமே மாற வேணாமாம்மா?"

"வேணாம்."

"சத்தியமா?"

"பியானோவையே நிறுத்தறேன், உன்னை ஒரு இடத்துல நிறுத்த முடியாதா?"

நிரந்தர ஆட்களுக்கு அரங்கின் முத்திரை தைத்த கறுப்புச் சட்டை கொடுப்பார்கள். குடும்பக் கச்சேரிக்கு அனுமதிச் சீட்டும் உண்டு. நங்கூரத்தின் சட்டை கணவனுடைய பழைய சட்டை. வாளியில் சாயம் கரைத்து அவளே முக்கி எடுத்தது. ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் காலர் ஓரம் கொஞ்சம் வெளுத்து, பழைய கோடுகள் எட்டிப் பார்த்தன. வாரம் ஒரு முறை மறுபடி சாயம் போட்டாள்.

ஜாஸ் வாரத்தில் ஒரு நாள் காலையில் குடும்பக் கச்சேரிக்கான ஒத்திகையும் சேர்ந்துகொண்டது. குழந்தைகளுக்கு நன்றாகத் தெரிய வேண்டும் என்று டிரம்ஸ் பலகையை மேடையின் முன் பக்கம் வைக்கச் சொன்னார்கள். டிரம்ஸ் முழுவதும் ஏறி நிற்கும் சக்கரம் வைத்த பலகை அது. ஜாஸுக்கான நீல டேப் இருக்கும் பின்பக்கம் மேடை மட்டமாக இருக்கும், பிரேக் போட்டால் போதும். முன்பக்கம் தரை பார்வையாளர்களை நோக்கி லேசாகச் சரிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, சக்கரத்துக்குத் தெரியும். அங்கே பிரேக்கோடு மர ஆப்பும் வைக்க வேண்டும். தம்பி ஆப்பு வைத்தான். ஒத்திகை முடிந்தது. ஆப்பை எடுத்து, பலகையை உள்ளே தள்ளினார்கள்.

மாலையில் இடைவேளைக்குப் பிறகுதான் டிரம்ஸ். அரங்கில் விளக்கணைத்து, மேடை ஓரத்தில் நீல விளக்கு மட்டும் எரிந்தது. நங்கூரமும் ஒல்லியும் பியானோவை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். தம்பியும் டிரம்ஸ்காரரின் உதவியாளரும் பலகையைத் தள்ளிப்போய் வைத்தார்கள். தம்பி குனிந்து பிரேக்குகளை மிதித்துவிட்டுத் தலைகுனிந்தபடி திரும்பி வந்தான்.

இரண்டாவது பாட்டு வேகமானது. டிரம்ஸ்காரர் கண்ணை மூடிக்கொண்டு காலால் உதைத்து உதைத்து வாசித்தார். ஓரத்தில் நின்ற நங்கூரம் முதலில் பாஸ் வாத்தியக்காரரைத்தான் பார்த்தாள். அவர் ஏன் ஒரு அடி தள்ளி நிற்கிறார்? பிறகுதான் அவர் அசையவில்லை, பலகைதான் அவரைத் தாண்டி வருகிறது என்று புரிந்தது. ஒவ்வொரு உதைக்கும் ஒரு நூல். முன் சக்கரத்துக்கும் மேடை விளிம்புக்கும் நடுவே இனி ஓர் ஆள் படுக்கும் இடம்கூட இல்லை. விளிம்புக்குக் கீழே முதல் வரிசை.

"டேய், ஆப்பு எங்க?"

தம்பி எதிர்ப்பக்கம் கை காட்டினான். ஆப்புகள் மேடையின் மறுபக்கத்தில் இருந்தன.

அவள் நடந்தாள். ஓடினால் தரை அதிரும். முழு வெளிச்சத்துக்குள் நடந்து போய்ப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, இடது கால் ஷூவைக் கழற்றிச் சக்கரத்தின் கீழே திணித்தாள். பிறகு பலகையில் முதுகைக் கொடுத்து, ஷூ போட்ட காலையும் வெறுங்காலையும் ஊன்றிச் சாய்ந்தாள். பலகை ரப்பரை நசுக்கிக்கொண்டு கொஞ்சம் வந்து, நின்றது.

டிரம்ஸ்காரர் கண்ணைத் திறந்தார். தன் முன்னால் ஒரு பெண்ணின் பின்னந்தலையைப் பார்த்தார். கை நிற்கவில்லை. அரங்கில் யாரோ சிரித்தார்கள், பிறகு நிறையப் பேர். பாட்டு முடியும்வரை அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள், எதிரே ஆயிரம் முகம். சாக்ஸஃபோன்காரர் அவளைக் கை காட்டி சின்னதாக ஒரு மெட்டு வாசித்தார். அரங்கம் எழுந்து கை தட்டியது. ஒல்லி ஆப்புகளோடு வந்த பிறகுதான் அவள் எழுந்தாள். நசுங்கிய ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு ஒற்றைக் காலில் ஷூவோடு நடந்து உள்ளே வந்தாள்.

கச்சேரி முடிந்து மேடையைக் காலி செய்யும்போது டார்ச் அடித்துப் பார்த்தாள். பலகை வைத்த இடத்தில் இருந்தது பச்சை டேப்.

"நீல விளக்குல பச்சையும் நீலமும் ஒண்ணாத்தான் தெரியும், டார்ச் அடிச்சுப் பாருன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னேக்கா. காலையில வெச்ச அதே இடம்... கை தானா அங்கயே போயிடுச்சு." அவன் முகம் வியர்த்திருந்தது. "நான் போய் சார்கிட்ட சொல்லிடறேன்."

"கேட்டா சொல்லு. போயி நீயா தலையைக் குடுக்காதே. உன் பெண்டாட்டி மாசமா இருக்கா." அவள் ஷூவுக்குள் கையை விட்டு நசுங்கியதை நிமிர்த்தப் பார்த்தாள். சக்கரத்தின் தடம் குதிகாலுக்கு மேல் பள்ளமாகப் பதிந்திருந்தது. "எனக்குத்தானே கை தட்டினாங்க, நீ எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே?"

"நங்கூரக்காவுக்கு வேலை உறுதி," என்றான் ஒல்லி. "சட்டையை மட்டும் பெரிய சைஸா கேளுங்க, மச்சானும் போட்டுக்கலாம்."

அந்த வாரக் கடைசியில் மேலாளர் மூவரையும் கூப்பிட்டார். கையில் முத்திரை போட்ட புதுச் சட்டை இருந்தது. நங்கூரத்தைப் பார்க்காமல் அதைத் தம்பியிடம் நீட்டினார்.

தம்பி வாங்கவில்லை. "சார், அன்னிக்குத் தப்பு பண்ணினது நான். தப்பான டேப்புல வெச்சது நான்தான்."

"தெரியும்," என்றார் மேலாளர்.

"தெரியுமா?"

"பலகை பச்சையில நின்னதை நானும் பார்த்தேன். அது மேடைக்குள்ள நடந்த விஷயம். மேல இருக்கறவங்க மாடத்துல உட்கார்ந்து பார்த்தாங்க. அவங்க பார்த்தது ஒரு ஆள் கச்சேரி நடுவுல மேடையில வந்து உட்கார்ந்ததை." இப்போது நங்கூரத்தின் பக்கம் திரும்பினார். "நீங்க இல்லைன்னா என்ன ஆயிருக்கும்னு நான் சொன்னேன். சொல்லாம இல்லை. ஆனா இவரை இத்தனை நாள்ல யாருமே பார்க்கலை. அவங்களுக்கு அதுதான் வேணும்."

"நான் வந்திருக்காட்டி டிரம்ஸ்காரரைத்தான் பார்த்திருப்பாங்க சார். முதல் வரிசையில," என்றாள் நங்கூரம்.

மேலாளர் காதுக் கருவியைத் தொட்டார். அதில் யாரும் கூப்பிட்ட மாதிரி தெரியவில்லை. சட்டையை நாற்காலியின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

"எனக்கு வேணாம்க்கா," என்றான் தம்பி. "வேணாம்னு எழுதிக் குடுத்துடறேன்."

"நீ வேணாம்னா எனக்கா குடுக்கப் போறாங்க? வெளியில இருந்து எவனையாவது கூட்டிட்டு வருவாங்க." அவள் சட்டையை எடுத்து உதறி அவன் தோளில் பிடித்து அளவு பார்த்தாள். "தோள்பட்டை கொஞ்சம் இறங்குது. இருக்கட்டும், சம்பளம் வந்தா உடம்பு வெச்சிடும்."

குடும்பக் கச்சேரிக்கு மகள் மாமாவின் சீட்டில் போனாள். மேடைக்குப் பின்னால் நங்கூரம் நாற்காலிகளை நகர்த்தினாள், டிரம்ஸைப் பச்சையில் நிறுத்தினாள், நான்கு ஆப்பையும் தானே வைத்தாள். முடிந்து வெளியே வந்ததும் மகள் ஓடி வந்தாள்.

"அம்மா, நான் பார்த்துக்கிட்டே இருந்தேன். நீ தெரியவே இல்லை."

"தெரியலையா?"

"மாமா தெரிஞ்சாரு. ஒரு தடவை ஓரத்துல எட்டிப் பார்த்தாரு. நீ ஒரு தடவைகூட தெரியலை."

"அப்போ நல்லா வேலை பார்த்திருக்கேன்," என்றாள் நங்கூரம்.

இரண்டு நாள் கழித்து, நுழைவு அட்டையையும் கையுறைகளையும் திருப்பிக் கொடுக்க வந்தாள். அதற்கு முன் பள்ளிக்கூடத்துக்குப் போய் மகளின் மாற்றுச் சான்றிதழை வாங்கியிருந்தாள். ஒப்பந்தக்காரர் வேறோர் ஊரில் பொருட்காட்சி வேலை இருப்பதாகச் சொல்லியிருந்தார். தோள்பையில் சான்றிதழ் மடங்காமல் இருக்க இரண்டு நோட்டுப் புத்தகங்களுக்கு நடுவே வைத்திருந்தாள்.

முன்வாசலில் புதுச் சட்டையோடு தம்பி ஏணி மேல் நின்று அடுத்த மாதச் சுவரொட்டியை ஒட்டிக்கொண்டிருந்தான். ஏணி பளபளப்பான கல் தரையில் வழுக்கி ஆடியது. மேல் பாதி ஒட்டி முடித்திருந்தான். டிரம்ஸ், அதற்குப் பின்னால் சிரிக்கும் முகம், தூக்கிய குச்சிகள். கீழ் பாதியை விரித்து இறக்கும்போது அவன் கை நின்றது.

டிரம்ஸ் பலகையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்த ஓர் உடம்பு. தோளோடு படத்தை வெட்டி, முகம் இருக்க வேண்டிய இடத்தில் "எங்கள் அரங்கம், உங்கள் மகிழ்ச்சி" என்று எழுதியிருந்தார்கள். கீழே நீட்டிய இரண்டு கால்கள். ஒன்றில் ஷூ, ஒன்று வெறுங்கால்.

"அக்கா..."

"பார்த்தேன் பார்த்தேன். முன்னாடியே சொல்லியிருந்தா கால் வெடிப்புக்கு எண்ணெய் தடவியிருப்பேன்." அவள் பையைத் தோளில் மேலே ஏற்றிக்கொண்டு ஏணிக்கு அருகில் வந்தாள். "இடது மூலை தூக்கியிருக்கு. இறக்கி ஒட்டு."

"ஏணி ஆடுதுக்கா."

"இப்போ ஆடாது. ஒட்டு."

பள்ளம் விழுந்த இடது கால் ஷூவை ஏணியின் அடிக்கால் மேல் வைத்து, குதிகாலை ஊன்றி அவள் சாய்ந்துகொண்டாள். தம்பி பசைத் துணியால் மேலிருந்து கீழாகத் தேய்த்துக்கொண்டே வந்தான். வெறுங்கால் சுவரோடு படிந்தது.