பன்னிரண்டு மணி வெயில்

என் தங்கை கடலுக்குச் சாப்பாட்டுக் கணக்குப் போடுகிறவள். கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசி ஒரு நாளைக்கு எவ்வளவு வளரும் என்று, செயற்கைக்கோள் படத்தில் தண்ணீரின் பச்சையையும் வெயிலையும் பார்த்து, கணித மாடல் போட்டுச் சொல்லிவிடுவாள். அந்தப் பாசிதான் என் சிப்பிகளுக்குத் தீனி. விரிகுடாவில் மிதவை கட்டி, கயிற்றில் சிப்பி வளர்க்கிறேன். இந்த வருஷம் பாசி அமோகம் என்றது அவள் மாடல். நான் சும்மா இருப்பேனா? இருக்கிற கயிறு போதாதென்று இன்னொரு மடங்கு தொங்கவிட்டேன்.

சிப்பி தேறவே இல்லை. ஓட்டைத் திறந்தால் உள்ளே பேருக்குக் கொஞ்சம் சதை. கோபம் தலைக்கேறி, ஒரு வாளி சிப்பியோடு அவள் ஆபீசுக்கே போனேன். வழவழத் தரையெல்லாம் உப்புத்தண்ணீர். அவளுடைய அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

"இந்தா, உன் அமோகம்" என்று மேஜையில் வைத்தேன்.

அவள் திரையைக் காட்டினாள். "தண்ணி பச்சையாத்தாண்ணே இருக்கு. வெயிலும் நல்லா அடிக்குது."

"எங்கடி அடிக்குது? காலைல ஒரே மூடுபனி. மதியம் கொஞ்சம் விலகும். சாப்பிட்டுக் கை கழுவறதுக்குள்ள மறுபடி மூடிக்கும்."

அவள் முகம் மாறியது. "தினமுமா?"

"இந்த வருஷம் தினமும்தான்."

செயற்கைக்கோள் படம் எடுப்பது பன்னிரண்டு மணிக்கு. அந்த ஒரு படத்து வெயிலை வைத்துத்தான் மாடல் நாள் முழுவதற்கும் கணக்குப் போடுகிறது. போட்டோவுக்கு மட்டும் சிரிக்கிற மாப்பிள்ளை மாதிரி, எங்கள் வானம் சரியாக அந்த நேரத்துக்குப் பல்லைக் காட்டியிருக்கிறது.

"ஏண்ணே சொல்லலை?"

"நீ கேக்கலையே!"

தினமும் போனில் பேசுகிறவர்கள் நாங்கள். அம்மாவின் முழங்கால் வலி, அவள் மகனின் சேட்டை, எல்லாம் பேசுவோம். பனியைப் பற்றிப் பேச எங்களுக்குத் தோன்றவே இல்லை. யாரைத் திட்டுவது?

வானிலை நிலையத்திலிருந்து மணிக்கு மணி வெயில் அளவை வாங்கி, மாடலை அவள் மறுபடி ஓட்டினாள். எண் பாதிக்கும் கீழே விழுந்தது. கோபம் போய், வாளியை மேஜையிலிருந்து இறக்கி வைத்தேன்.

"பாதிக் கயிறை வெட்டி விட்டுடவா? மிச்சமாவது பிழைக்கும்ல?"

அதையும் போட்டுப் பார்த்தாள். "இருக்கிற பாசி பாதிக்கும் பத்தாதுண்ணே. சிப்பி எல்லாமே ஏற்கெனவே வத்திப் போச்சு."

"பக்கத்துக் கடலுக்கு இழுத்துட்டுப் போனா?"

"அங்கயும் இதே பனிதான்."

"பனி எப்பத்தான் போகும்?"

"அது என் மாடல்ல இல்லண்ணே."

சின்ன வயதிலிருந்து எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவள் அழுதாள். கோழியாக இருந்தால் கடன் வாங்கியாவது தீனி போடலாம். கடலில் எதைக் கொட்டுவது?

கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "ஒண்ணு மட்டும் இப்ப சரியா சொல்ல முடியும்ணே. சிப்பி எதுவரைக்கும் தாங்கும்னு."

"சொல்லு."

சொன்னாள். அவள் சொன்ன அதே வாரத்தில், கயிற்றைப் பிடித்திருக்கத் தெம்பில்லாமல் சிப்பிகள் கொத்துக் கொத்தாகக் கழன்று விழுந்தன. இந்தத் தடவை அவள் கணக்கு இம்மி பிசகவில்லை.