புல் முளைக்காத பாத்தி

"நீ கால் வச்ச இடத்துல புல் கூட முளைக்காது" என்று மாமியார் கரித்துக்கொட்டும்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்புதான் வரும். முளைக்கக் கூடாது என்பதற்குத்தானே அவளுக்குச் சம்பளமே!

வட்டார மண்வளப் பாதுகாப்பு உதவி மையத்தில் அவள் ஆய்வாளர். பின்பக்கச் சரிவில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாத்திகள். ஒன்றில் புல், இன்னொன்று மொட்டை. மழை பெய்து எதிலிருந்து எவ்வளவு மண் ஓடி வருகிறது என்று கீழேயுள்ள தொட்டிகளில் அள்ளி நிறுத்துப் பார்ப்பாள். கரையில் புல் போட்டால் மண் தங்குமா என்று போன் போடுகிற விவசாயிக்கெல்லாம் அதை வைத்துத்தான் பதில். மொட்டையில் ஒரு களை தலைகாட்டினாலும் போச்சு. கல்யாணமான மறுநாளே வந்து களை பிடுங்கிய மகராசி அவள்.

இயக்குநருக்கோ அந்த மொட்டை கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. மேலிடத்து ஆட்கள் பார்வையிட வருகிறார்கள், மண்ணைக் காக்கிற இடத்திலேயே மண் அரித்துக் கிடந்தால் மானம் போகும், அதிலும் புல்தரை போடு என்றார். முடியவே முடியாது என்றாள். மனுஷன் அதோடு வாயை மூடிக்கொண்டார். இவளும் நம்பித் தொலைத்தாள்.

அவர்கள் வருகிற அன்று காலையில் வந்து பார்த்தால், மொட்டைத் தலைக்கு விக் வைத்த மாதிரி பச்சைப் பசேலென்று புல்தரை! நேற்றுச் சாயங்காலம் இவள் கிளம்பியதும், வளர்த்துச் சுருளாக விற்கிற புல்லை வாங்கி ஆள் வைத்து விரித்திருக்கிறார். இது வேர் பிடித்துவிட்டால் இத்தனை வருஷப் பாடும் அம்போ. நல்லவேளை, ராத்திரி மழை இல்லை. கைப்பையைத் தூக்கி எறிந்துவிட்டுப் பாத்தியில் இறங்கினாள். பாயைச் சுருட்டுகிற மாதிரி புல்தரையைச் சுருட்டிச் சுருட்டி வெளியே உருட்டினாள்.

கடைசிச் சுருளும் வெளியே போனபோதுதான் இயக்குநர் மூச்சிரைக்க ஓடிவந்தார். வாசலில் கார்கள் வந்து நின்றுவிட்டனவாம். அவளை இன்றைக்கே வேறு ஊருக்கு மாற்றிவிடுவாராம்.

"தாராளமா மாத்துங்க சார். அந்த ஆர்டர் என் கைக்கு வர்ற வரைக்கும் இது என் பாத்தி."

மண் அப்பிய கையோடு நட்டநடுப் பாத்தியில் நின்றாள். அவர் வாசல் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கார்க் கதவுகள் சாத்துகிற சத்தம் கேட்டது.

"இப்ப அவங்க கேட்டா நான் என்னம்மா சொல்றது?"

"இவ கால் வச்ச இடத்துல புல் முளைக்காதுன்னு சொல்லுங்க சார். சாட்சிக்கு எங்க மாமியார் இருக்காங்க."