பன்னிரண்டு பெட்டிகள்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் இராணுவத்தினர் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். யுத்தம் நடந்த இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டில் அது புதினமில்லை. புஷ்பத்தின் அடையாள அட்டையில் புசல்லாவைத் தோட்டத்து விலாசம் இருந்தது. கோப்ரல் அதைப் பார்த்து, தன் பதிவுப் புத்தகத்தில் தொழில் என்ற இடத்தில் தோட்டத் தொழிலாளி என்று தானாகவே பதிந்துகொண்டான். பிறகு அவளுடைய பையைத் திறந்தான். உள்ளே நூலில் கோத்த மூன்று தாள்கள். தாள் நெடுகக் கோடுகள், கோடுகளின்மேல் பெட்டிகள்.

“மே மொனவாத?” இவையெல்லாம் என்னவென்று கேட்டான்.

குண்டுக்கு வயர் பொருத்தும் படமென்று அவன் நினைத்தது அவளுக்கு விளங்கியது. தான் கண்டியில் ஓர் ஆய்வு நிலையத்து விஞ்ஞானி என்று சிங்களத்தில் சொன்னாள். இது குவாண்டம் கணினிக்கான கணக்கு. ஒவ்வொரு பெட்டியும் அது செய்யவேண்டிய ஒரு வேலை. அப்படியொரு கணினி இந்த நாட்டில் கிடையாது, தாளில்தான் இருக்கிறது என்றாள். இல்லாத மெஷினுக்கு யார் சம்பளம் தருகிறார்கள் என்று அவன் கேட்க, வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு வருடம் பாடுபட்டு அந்தக் கணக்கைப் பன்னிரண்டு பெட்டிகளில் முடித்திருந்தாள். பெட்டி குறையக் குறையத்தான் மதிப்பு; போன மாதம் வெளிநாட்டுக் குழுவொன்று அதையே பதினொன்றில் முடித்துவிட்டது. அவளுடைய கட்டுரையைத் திருத்தி அனுப்ப இன்று பின்னேரம் ஐந்து மணிவரைதான் தவணை. கட்டுரையைத் திருப்பி எடுத்துவிடலாம் என்று மேலதிகாரி நவரட்ணராஜா நேற்றே சொல்லிவிட்டார்.

பள்ளிக்கூடத்தில் பழகியபடி அவள் தாளின் ஒரு பக்கத்தில்தான் எழுதுவாள். தாளுக்கு நான்கு பெட்டி. எழுதி முடித்ததை அடியில் வைத்துவிட்டு அடுத்த தாளை எடுப்பாள்.

கோப்ரல் நூலை அவிழ்த்தான். வயர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று பார்க்க, மூன்று தாள்களையும் மேசையில் விளிம்போடு விளிம்பு சேர்த்து வைத்தான்.

முதல் தாளின் கடைசிப் பெட்டியும் இரண்டாம் தாளின் முதற்பெட்டியும் ஒட்டி நின்றன. ஒரே கோடு, ஒரே பெட்டி. சுவிட்சை இரண்டு தரம் தட்டினால் விளக்கு பழையபடி ஆவதுபோல, ஒன்று செய்ததை மற்றது அழித்துவிடும். இரண்டுமே வேண்டியதில்லை.

“சார், கையெடுக்காதீங்க. அத அப்புடியே வைங்க,” என்றாள், சிங்களம் மறந்துபோய்.

கோப்ரல் மூச்சுவிடாமல் உறைந்து நின்றான். வரிசை பின்வாங்கியது. அவள் பேனையை எடுத்து அந்த இரண்டு பெட்டிகளையும் வெட்டினாள். மிச்சத்தை இரண்டு தரம் எண்ணினாள்.

அவள் சொன்னது உண்மையா என்று கேட்க, கோப்ரல் ஆய்வு நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தான். நவரட்ணராஜா கோப்ரலிடம் சிங்களத்தில் விபரம் சொல்லிவிட்டு, தொலைபேசியை அவளிடம் கொடுக்கச் சொன்னார்.

“சார், பத்து,” என்றாள்.

“பத்தோ? வடிவாப் பாத்தனீரோ?” இரண்டு தரம் எண்ணிவிட்டதாக அவள் சொன்னதும், “ஓம், கெதியா வாரும் பிள்ளை. அஞ்சு மணிக்கு முதல் அனுப்பவேணும்,” என்றார்.

கொண்டக்டர் அவசரப்படுத்தினான். அவள் ஏறவில்லை. பதிவுப் புத்தகத்தில் தன் பெயருக்கு நேரே விரலை வைத்தாள். அது தன் அம்மாவின் தொழில், அம்மா அதை நன்றாகவே செய்கிறார், தன்னுடையது வேறு என்று நிதானமாகச் சொன்னாள். கோப்ரல் அதை வெட்டிவிட்டு விஞ்ஞானி என்று சிங்களத்தில் எழுதினான். ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பார்த்த பிறகுதான் அவள் தாள்களை நூலில் கோத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள்.