ஆயுத பூஜையன்று ஓடிய பெட்டி

ஆயுத பூஜை அன்று வானமாமலை அண்ணாச்சியின் பட்டறையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரைக்கூட யாரும் தொடக் கூடாது. மும்பை தாராவியில் இருபது வருஷமாக சார்ஜர் செய்கிறவர். சந்தனம் வைத்து மாலை போட்ட கருவி மறுநாள் பூஜை முடியும்வரை ஓய்வெடுக்க வேண்டும் என்பது அவர் சட்டம்.

அங்கே வேலை பார்க்கும் ஷாலினிக்கு அந்தச் சட்டத்தோடு சண்டை எதுவும் கிடையாது. ஆனால் அவளே வடிவமைத்த முதல் சார்ஜர் போர்டு முந்தின நாள் சாயங்காலம்தான் கைக்கு வந்திருந்தது. எட்டு மணி நேரம் நிற்காமல் ஓடிக் காட்டினால்தான் பாண்டுப்பில் இருக்கும் கம்பெனி மறுநாள் காலையில் அதை எடுத்துக்கொள்ளும். நடுவில் நின்றால் வேறு யாருடைய போர்டோ போகும்.

யோசித்தாள். தொடத்தானே கூடாது? போர்டுக்கு மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளைப் பெட்டியின் பின்னால் பூஜைக்கு முன்பே, வீட்டிலிருந்தே அதை இயக்க ஒரு நெட்வொர்க் கேபிளைச் சொருகிவைத்தாள். சாமி கும்பிட்டு, பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு வடாலாவில் இருக்கும் வீட்டுக்கு வந்துவிட்டாள். பத்து மணிக்கு லேப்டாப்பில் ஒரு க்ளிக். தாராவியில் பெட்டி ஓட ஆரம்பித்தது. அண்ணாச்சியிடம் மூச்சு விடவில்லை.

மத்தியானம் வரை எல்லாம் ஜோராகப் போனது. நாலு மணிக்குக் கட்டிலில் சாய்ந்து பொரி கொறித்துக்கொண்டிருந்தவள் திரையைப் பார்த்து எழுந்து உட்கார்ந்தாள். பெட்டியின் உள்சூடு ஐம்பது டிகிரியிலிருந்து எழுபத்திரண்டுக்கு ஏறியிருந்தது. எண்பதைத் தொட்டால் பெட்டி தானே அணைந்துவிடும். இங்கிருந்தபடி வோல்ட்டை மாற்றலாம், ஆம்ப்பை மாற்றலாம். அங்கே என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்க்க முடியாது. போன் போட்டாள்.

"அண்ணாச்சி, பட்டறையிலயா இருக்கீங்க? அந்த சப்ளைப் பெட்டி எப்படி இருக்கு?"

"அத ஏன் கேக்க, பிள்ள! சாப்பிட்டுட்டு வந்து பாக்கேன், பூஜை போட்ட பெட்டில நம்பர் தானா எரியுது. புல்லரிச்சிட்டு! நேரா கிங்ஸ் சர்க்கிள் போயி பெருசா ஒரு சாமந்தி மாலை வாங்கியாந்து சாத்திட்டேன்."

பெட்டி மூச்சுவிடும் ஓட்டைகள் அத்தனையும் சாமந்திக்குப் பின்னால். எழுபத்தாறு. மறைத்தால் போர்டு போச்சு. சொன்னால் அணைக்கச் சொல்வார், அப்போதும் போச்சு. ஷாலினிக்குப் பயமாகவும் வெட்கமாகவும் இருந்தது.

"அண்ணாச்சி, தானா எரியல. நான்தான் வீட்டுலேருந்து ஓட்டுறேன். சத்தியமா தொடல. மாலை காத்த அடைக்குது. ஆறு மணி வரைக்கும் ஓடணும். மாலைய எடுத்துருங்களேன், ப்ளீஸ்."

"சாத்துன மாலைய நாளைக்கு முன்னால எடுக்கவா? என்ன பேச்சு பேசுத பிள்ள!"

போனை வைத்துவிட்டார். எழுபத்தெட்டு. எழுபத்தொன்பது. ஷாலினி கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது எழுபத்தெட்டு. பிறகு எழுபத்தைந்து, எழுபது, அறுபத்து நாலு. மாலையை எடுத்துவிட்டார்! இருபது வருஷத்துச் சட்டத்தைத் தனக்காக விட்டுவிட்டாரே!

ஆறு மணி. போர்டு ஜெயித்தது. ஒரு க்ளிக்கில் பெட்டியை அணைத்துவிட்டு நன்றி சொல்ல அழைத்தாள். போன் வெகுநேரம் அடித்து, கடைசியில் குரல் எட்டத்திலிருந்து வந்தது.

"மூக்கால அமுக்கி எடுத்தேன் பிள்ள, கை காலியில்ல. மாலைய நான் எடுக்கல, கேட்டியா? ரெண்டு கையாலயும் தூக்கிப் பிடிச்சிட்டு நிக்கேன். பெட்டியத் தொடவும் இல்ல." பெரிதாக மூச்சு வாங்கினார். "நம்பர் அணைஞ்சிட்டு. இனி கைய எறக்கலாமா?"